கடவுள் கட்டிய அணை: கட்ச் மண்ணில் ஒரு கோட்டைத் தேடிய கதை

இன்னிக்கு எபிசோட்ல ஒரு மேட்டைப் பத்திப் பேசப்போறோம். மலை இல்லை, குன்றுகூட இல்லை. உயரமான இடத்தில் மூணு ஆள் உயரம் வரும், பல இடங்களில் அதுவும் கிடையாது. ஆனா நீளம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சென்னையில் ஆரம்பிச்சா காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போயிடும். 1819 ஜூன் 16 காலையில் அந்த மேடு அங்கே இல்லை. அன்று இரவு இருந்தது.

இடம் குஜராத்தின் வடமேற்கு மூலை, கட்ச். அங்கே 'ரண்' என்று ஒரு பெரும் உப்புச் சமவெளி இருக்கு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் வெள்ளை வெளேர்னு உப்பு பூத்துக் கிடக்கும். இப்போ 'ரண் உத்சவ்' இன்ஸ்டா போட்டோவில் பார்க்கிறோமே, அதே ரண்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அதன் மேற்குப் பகுதி வழியாகச் சிந்து நதியின் ஒரு கிழக்குக் கிளை கடலுக்கு ஓடியது. அந்த ஆற்றங்கரையில் சிந்த்ரி என்று ஒரு சின்னக் கோட்டை. கட்ச் அரசின் சுங்கச்சாவடி அது. சிந்து மாகாணத்திலிருந்து வரும் சரக்குக்கு வரி வாங்கும் இடம்.

அந்த ஆறு ஏற்கெனவே பாதி செத்த ஆறுதான். 1762இல் ஜாரா என்ற இடத்தில் சிந்து ஆட்சியாளர் குலாம் ஷா கல்ஹோராவுக்கும் கட்ச்சுக்கும் பெரிய போர் நடந்தது. அதுக்கப்புறம் அவர் செய்த வேலை, ஆற்றின் மேல்பகுதியில் மண் அணை கட்டி கட்ச்சுக்கு வரும் தண்ணீரை மறித்தது. லக்பத் பக்கம் நெல் விளைந்த வயல்கள் உப்புத் தரையாகின. காவிரித் தண்ணிக்காக நாம போடும் சண்டையை நினைச்சுக்கோங்க, அதில் ஒரு தரப்பு படையோடு வந்து அணை கட்டிட்டுப் போனா எப்படி இருக்கும்! ஆக, அந்த ஊர் மக்களுக்கு அணை என்றாலே மனுஷன் கட்டியது, எதிரி கட்டியது. இதை மனசுல வச்சுக்கோங்க.

1819 ஜூன் 16, மாலை ஏழு மணியை ஒட்டி, பூமி குலுங்கியது. புஜ் நகரத்தில் வீடுகள் வரிசையாகச் சரிந்தன. தொலைவில் அகமதாபாதின் ஜாமா மசூதியில் இருந்த உயரமான மினார்கள் விழுந்தன. இறந்தவர்கள் 1,500 பேருக்கு மேல் இருக்கலாம் என்பது பரவலான கணக்கு. கட்ச்சில் அப்போதுதான் கிழக்கிந்தியக் கம்பெனி காலூன்றியிருந்தது. ஜேம்ஸ் மெக்மர்டோ என்ற கம்பெனி அதிகாரி, பார்த்ததையும் கேட்டதையும் எழுதிவைத்தார். அவர் போன்றவர்களின் குறிப்புகளால்தான் இந்தக் கதை நமக்கு இவ்வளவு விவரமாகக் கிடைக்குது.

சிந்த்ரியில் நடந்தது வேற மாதிரி. கோட்டை இடிந்தது மட்டும் இல்லை, கோட்டை நின்ற தரையே கீழே இறங்கியது. கடல் தண்ணீர் உள்ளே வந்தது. கோட்டையில் இருந்தவர்கள் ஒரு கோபுரத்தின் மேல் ஏறித் தப்பித்தார்கள். மறுநாள் படகு வந்துதான் அவர்களைக் காப்பாற்றியது. முந்தின நாள் வரை தரையாக இருந்த இடத்துக்குப் படகு வந்தது!

அவர்கள் வடக்கே பார்த்தபோது, நேற்று வரை சமமாக இருந்த இடத்தில் கிழக்கு மேற்காக ஒரு நீண்ட கரை எழும்பி நின்றது. ஆற்றையே குறுக்கே மறித்து நின்றது. மேலே சிந்துக்காரர்கள் கட்டிய அணைகள் இருக்கு, இதை யார் கட்டியது? மக்கள் வைத்த பேர்: அல்லா பந்த். இந்த 'பந்த்' கடையடைப்பு இல்லை, அணை. கடவுள் கட்டிய அணை. எனக்கு இந்தப் பேரில் ரொம்பப் பிடிச்சது அதிலிருக்கிற துல்லியம். மனுஷன் கட்டிய அணைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊர்க்காரர்கள் ஒரே சொல்லில் பதிவு செய்துவிட்டார்கள். புவியியல் அறிஞர்கள் அதே விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர நூறு வருஷம் ஆச்சு.

1826இல் சிந்துவில் பெருவெள்ளம். மேலே இருந்த மண் அணைகளை எல்லாம் உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர், அல்லா பந்தையும் வெட்டிக்கொண்டு சிந்த்ரி ஏரிக்குள் பாய்ந்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் அலெக்சாண்டர் பர்ன்ஸ் என்ற இளம் அதிகாரி அங்கே போனார். பின்னாளில் காபூலில் கொல்லப்பட்டாரே, அதே பர்ன்ஸ்தான். படகில் சிந்த்ரிக்குப் போய், தண்ணீருக்கு மேலே கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருந்த இடிந்த சுவரில் ஏறி நின்று பார்த்தார். சுற்றிலும் தண்ணீர். வடக்கே மட்டும் நீலக் கீற்று மாதிரி அல்லா பந்த் தெரிந்தது. ஆறு வெட்டிய இடத்தில் அந்த மேட்டின் உள்பக்கத்தையும் அவரால் பார்க்க முடிந்தது. சிப்பி ஓடுகள் நிறைந்த களிமண். எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண் இல்லை, அந்த இடத்துத் தரையேதான் மேலே வந்திருக்கு.

இந்தச் செய்தி லண்டனில் சார்லஸ் லயலிடம் போய்ச் சேர்ந்தது. பூமியின் உருவம் பழங்காலப் பிரளயங்களால் வந்தது இல்லை, இன்றைக்கும் நம் கண்முன் நடக்கிற மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து வந்தது என்று வாதாடியவர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஒரே மாலையில் ஒரு பக்கம் எழுந்து மறு பக்கம் தாழ்ந்த நிலம் கிடைத்தால் விடுவாரா? தன்னுடைய பெரிய புவியியல் நூலில் கட்ச்சை எடுத்துப் போட்டார். மூழ்குவதற்கு முன்னால் ஓர் அதிகாரி வரைந்துவைத்திருந்த சிந்த்ரிக் கோட்டையின் படமும் அதில் வந்தது. ரண்ணின் ஒரு மூலையில் இருந்த சுங்கச்சாவடி, ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது.

ஆனா எல்லாரும் நம்பிவிடவில்லை. ஆஸ்திரிய அறிஞர் எட்வர்ட் சூயஸ், தரை மேலே எழவே இல்லை, தெற்குப் பக்கம் தாழ்ந்ததால் வடக்குப் பக்கம் மேடாகத் தெரிந்தது என்றார். வெட்டிச் சண்டை மாதிரி தோணலாம். அப்படி இல்லை. தரை வெறுமனே கீழே உட்கார்ந்ததா, இல்லை பக்கவாட்டில் நெருக்கப்பட்டு ஒரு பாளம் இன்னொரு பாளத்தின் மேல் ஏறியதா என்பதுதான் கேள்வி. முதலாவது என்றால், ஈர மண் இறுகியிருக்கலாம், கதை முடிந்தது. இரண்டாவது என்றால், நிலத்தை நெருக்கும் விசை இன்னும் அங்கே இருக்கு. இன்னொரு முறை நடக்கும்.

இதைத் தீர்க்க உதவியது ஓர் அளவெடுப்பு. 1844இல் பேக்கர் என்ற பொறியாளர் ஆற்றின் வழியே மட்டம் பார்த்து, அல்லா பந்தின் குறுக்கே உயரங்களைக் குறித்துவைத்திருந்தார். அவர் இதை நிலநடுக்க ஆராய்ச்சிக்காகச் செய்யவில்லை, தண்ணீர் எப்படி ஓடும் என்று பார்ப்பதற்காகச் செய்தார். 1926இல் ரிச்சர்டு டிக்சன் ஓல்ட்ஹாம் அந்தக் குறிப்புகளையும் மற்றவற்றையும் சேர்த்து, 1819 நிலநடுக்கம் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஒரு முழு ஆய்வு எழுதினார். 1897 அசாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், பூமிக்கு நடுவே தனியாக ஒரு கருப்பகுதி இருப்பதை 1906இல் நிலநடுக்க அலைகளை வைத்துக் காட்டியவர் இவர். வடக்குப் பக்கம் உண்மையிலேயே எழுந்தது, தெற்கு தாழ்ந்தது என்பது உறுதியானது. 1998இல் ரோஜர் பில்ஹாம், அதே பேக்கரின் அளவுகளை வைத்து, அடியில் இருக்கும் பிளவு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கு, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போட்டார். வாய்க்கால் வேலைக்காக எடுத்த அளவு, 150 வருஷம் கழிச்சு நிலநடுக்கக் கணக்கில் வந்து உட்கார்ந்தது. அரசாங்கக் காகிதங்களைத் தூக்கிப்போடாதீங்கன்னு சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

சரி, பிளவுன்னு சொன்னேனே, அது என்ன? நிலநடுக்கச் செய்திகளில் வரும் 'ஃபால்ட்', அதாவது பாறை உடைந்து இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்த இடம். 19ஆம் நூற்றாண்டில் பலரும் நினைத்தது, நிலம் நடுங்குவதால் பிளவு உண்டாகுதுன்னு. அது தலைகீழ். பிளவு சட்டென்று நகர்வதுதான் நிலநடுக்கம். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இரு பக்கமும் வேலிகளும் சாலைகளும் விலகி நின்றதை அளந்து, ஹாரி ஃபீல்டிங் ரீட் இதைத் தெளிவாக விளக்கினார். பாறை ரப்பர் மாதிரி வருஷக்கணக்கில் வளைந்துகொண்டே போகுது. பிளவில் இருக்கும் உராய்வு அதைப் பிடித்து வைக்குது. ஒரு கட்டத்தில் பிடி விட்டதும் விசுக்குன்னு நிமிருது.

இப்படிப் பார்த்தா நிலநடுக்க ஆபத்தைக் கணிக்கிற வேலை, முதலில் ஒரு வரைபட வேலை. கோடு எங்கே இருக்கு? அது உயிரோட இருக்கா? கடைசியா எப்போ நகர்ந்தது? அதுக்கு முன்னாடி எப்போ?

முதல் கேள்விக்கு கட்ச்சில் பதில் சீக்கிரமே கிடைத்தது. 1872இல் வின் என்பவர் கட்ச்சின் புவியியலை விரிவாகப் பதிவு செய்தார். அங்கே மலைத்தொடர்கள் கிழக்கு மேற்காக, வரிசை வரிசையாக, வடக்கு ஓரம் நறுக்கென்று வெட்டியது போல நிற்கும். அந்த ஓரங்கள்தான் பிளவுகள். கோண்டுவானா என்ற பழங்கண்டம் உடைந்தபோது இந்த இடம் இழுபட்டுக் கிழிந்தது, அப்போது உண்டான தழும்புகள் இவை. இன்றைக்கு இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டுவதால் அதே தழும்புகள் நெருக்கப்படுது. புதுசா உடைவதைவிட, ஒருமுறை கிழிந்த இடத்தில் நகர்வது பாறைக்குச் சுலபம். பழைய கிழிசலில்தானே துணி மறுபடி கிழியும்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டம். பாறையில் தெரியும் பிளவுகளில் பெரும்பாலானவை கோடிக்கணக்கான வருஷமாக அசையாதவை. எதுக்கு உயிர் இருக்குன்னு எப்படிச் சொல்றது? அதுக்குக் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது: குழி வெட்டுறது. பிளவுக்குக் குறுக்கே ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அதன் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒவ்வொரு மண் அடுக்காகப் பார்ப்பது. அடியில் இருக்கும் அடுக்குகள் உடைந்திருக்கு, மேலே இருப்பது உடையாமல் மூடியிருக்கு என்றால், இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலநடுக்கம். அந்த அடுக்குகளில் கிடைக்கும் கரித்துண்டைக் கார்பன் முறையில் சோதித்தால் வயசு வரும். கலிபோர்னியாவில் பேலட் க்ரீக் என்ற இடத்தில் 1970களில் கெர்ரி சீ இதைச் செய்து காட்டிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கீழடியில் குழி வெட்டி அடுக்கைப் படிக்கிறாங்களே, அதே மாதிரிதான். இங்கே பானை ஓட்டுக்குப் பதிலா உடைப்பைத் தேடுறாங்க.

மேலே உடைப்பு தெரியாத இடத்துக்கு இன்னொரு தடயம் இருக்கு. பெரிய நிலநடுக்கத்தில், தண்ணீர் ஊறிய மணல் கூழாகி, மேலே இருக்கும் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு ஊற்று மாதிரி பீய்ச்சும். பிறகு அப்படியே உறைந்துவிடும். அல்லா பந்த் பகுதியில் சி. பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் இருவரும் அகழ்ந்து பார்த்தபோது, 1819இன் மணல் ஊற்றுகளோடு, அதைவிடப் பழையவையும் கிடைத்தன. ஏறக்குறைய 800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே ஒரு பெரிய நிலநடுக்கம் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கடவுள் அந்த அணையை ஒரே நாளில் கட்டவில்லை, தவணை முறையில் கட்டியிருக்கார்.

இப்போ நாட்டு வரைபடத்துக்கு வருவோம். கட்டடம் கட்டுபவர்களுக்காக இந்தியாவை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்த தர விதி, ஐ.எஸ். 1893, முதலில் 1962இல் வந்தது. அதன் வரலாற்றை ஒரே வரியில் சொல்லிடலாம்: பூமி குலுங்கும், வரைபடம் மாறும். ஆபத்து ரொம்பக் குறைவு என்று காட்டப்பட்ட கொய்னாவில் 1967இல் குலுங்கியது. 1970இல் வரைபடத்தைத் திருத்தினார்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, லாத்தூர் மாவட்டம் கில்லாரி. அது முதலாம் மண்டலம், அதாவது இருப்பதிலேயே பாதுகாப்பான மண்டலம். களிமண்ணில் கல் அடுக்கிக் கட்டிய கனமான வீடுகள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. கிட்டத்தட்ட 8,000 முதல் 10,000 பேர் இறந்தார்கள். நடந்ததை வைத்து மட்டும் வரைந்த வரைபடத்தின் கோளாறு இதுதான். நம்ம பதிவேடு சில நூறு வருஷம். பிளவின் ஒரு சுற்று ஆயிரம் வருஷமாகவும் இருக்கலாம், அதுக்கு மேலேயும் இருக்கலாம்.

கட்ச் கதை இதற்கு நேரெதிர். அங்கே வரைபடம் தப்பே செய்யவில்லை. 1819ஐ எல்லாரும் அறிவார்கள். 1956இல் அஞ்சார் ஊரில் ஒரு நிலநடுக்கம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. பல பத்தாண்டுகளாகவே கட்ச் ஐந்தாம் மண்டலம், நாட்டின் மிக ஆபத்தான வகை. 2000இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுக்க இருக்கும் பிளவுகளைக் குறித்து ஒரு பெரிய வரைபடத் தொகுப்பே வெளியிட்டது.

2001 ஜனவரி 26, காலை 8.46. ரிக்டர்னு நாம பொதுவா சொல்ற கணக்கில் 7.7 அளவு. அஞ்சாரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள், குறுகலான தெருவில் இரண்டு பக்கமும் சரிந்த வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். பச்சாவு ஊர் கிட்டத்தட்ட முழுசா தரைமட்டம். அரசுக் கணக்குப்படியே 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள், 20,000 வரை சொல்லும் கணக்குகளும் உண்டு.

ஆராய்ச்சியாளர்கள் ஓடிப்போய் இன்னொரு அல்லா பந்தைத் தேடினார்கள். கிடைக்கலை. மணல் ஊற்றுகள், வெடிப்புகள், சரிவுகள் எல்லாம் இருந்தன. ஆனா பிளவே நேரடியாகத் தரையைக் கிழித்து வந்த இடம் என்று தெளிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உடைப்பு தொடங்கியது சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில், அது மேலே வந்து சேரவே இல்லை. 1819 நடந்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்சி, வேறொரு பிளவு. குழி வெட்டிக் கோடு தேடும் முறைக்கு இது பெரிய அடி. தரைக்கு வராத பிளவைத் தரையில் எப்படித் தேடுவது?

அகமதாபாதில் நடந்தது இன்னும் யோசிக்க வேண்டியது. நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் நகரம், மூன்றாம் மண்டலம். அங்கே பல அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்து 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சபர்மதி கொண்டுவந்து சேர்த்த தளர்வான வண்டல், அலைகளைப் பெருக்கிக் காட்டியது. விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஒரே அமைப்பு: தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும், வண்டி நிறுத்த. மேலே நாலைந்து மாடி செங்கல் சுவரோடு விறைப்பாக. குலுங்கும்போது மேலே இருப்பதெல்லாம் ஒரே பெட்டி மாதிரி நகரும், முழு வளைவும் கீழே இருக்கும் ஒல்லித் தூண்களுக்கு வரும். விழாமல் கட்டுவது எப்படின்னு விதிகளில் இருந்தது. வரைபடத்தைக் குறை சொல்ல இங்கே இடமே இல்லை.

2002இல் விதியைத் திருத்தியபோது முதலாம் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். நாட்டில் எந்த இடத்தையும் இனி அந்தப் பேரில் சொல்ல முடியாது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. அதாவது அகமதாபாத் இருந்த அதே மண்டலம். முந்தின வருஷம் செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நிலநடுக்கத்தைச் சென்னையிலேயே நல்லா உணர்ந்தவங்க இருக்காங்க, வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப்பாருங்க. கேட்டுட்டு, அப்படியே உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இறங்கி, தூண்களுக்கு நடுவே எங்கேயாவது சுவர் இருக்கான்னும் பாருங்க.

கட்ச்சில் வேலை நிற்கவில்லை. காந்திநகரில் நிலநடுக்க ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் வந்தது. தரையைத் தோண்டாமல் ரேடார் அலை அனுப்பிப் புதைந்த பிளவைப் பார்க்கிறார்கள், செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு நிலம் மில்லிமீட்டர் கணக்கில் நகர்வதை அளக்கிறார்கள். அவர்கள் அதிகம் கவனிக்கும் கோடுகளில் ஒன்று கத்ரோல் மலைப் பிளவு. 2001இல் அது உடையவில்லை. புவியியல் கணக்கில் சமீப காலம் என்று சொல்லத்தக்க மண் அடுக்குகளை அது வெட்டியிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இடிந்து, மறுபடி கட்டப்பட்டு, அகலச் சாலைகளோடு வளர்ந்துகொண்டிருக்கும் புஜ் நகரத்துக்குத் தெற்கே, சில கிலோமீட்டர் தூரத்தில்தான் அந்தக் கோடு போகுது.